ஒற்றியூர் வண்டிக்குக் காஞ்சி வைத்தியம்

சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மண்டையில் பதித்திருக்கும் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரைக் காலால் மெல்ல அமுக்க வேண்டும். உதைக்கக் கூடாது. ஓரிடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்த பிறகு ஒரே உதை. இந்த வரிசையை மதித்தால், உடம்பில் சதையே இல்லாத என் அத்தை மகள்கூட அந்த வண்டியைக் கிளப்பிவிடுவாள். மதிக்காவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். பெரியப்பாவின் வலது கெண்டைக்காலில் கடைசிவரை இருந்த தழும்பு அப்படி வந்ததுதான்.

வண்டி 1978ம் வருட புல்லட் 350. டி.என். 21 எல்லாம் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து எண். பெரியப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் நான்கு தறி. நெய்து முடித்த சேலைகளை வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, பின் சீட்டில் கயிறு போட்டு இறுக்கி, காந்தி ரோட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவார். 1979ல் அத்தி வரதர் எழுந்தருளியபோது பாட்டியைப் பின்னால் உட்காரவைத்துச் சின்னக் காஞ்சிபுரம் போய் வந்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2019ல் வரதர் மறுபடி வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். அதே வண்டியில் நான் கிளம்பினேன். கூட்டத்தில் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்கவேண்டியதாகிவிட்டது. நாற்பது வருடம் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்குள் கிடந்த அத்திமரம் சிதையாமல் வந்து நிற்கிறது. என் வண்டியின் சைலன்சர் ஒரு ஐப்பசி மழையைத் தாங்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் முகத்தைவிட சைலன்சர் சத்தம்தான் பழக்கம். பட்டறைக்குப் போகாமல் வீட்டு நடையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதிலும் சிலர். நான் பதினோரு வருடமாக அந்தச் சிலரில் ஒருவன். இத்தனை வருடத்தில் எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது ஒன்றுதான்: பழைய புல்லட்டின் முக்கால்வாசிக் கோளாறு அதற்கு முன் அதைக் கழற்றியவர் உண்டாக்கியது. பல தடவை அந்த ஆள் நானாகவே இருந்திருக்கிறேன்.

ரெட்டிச்சிலிருந்து வல்லம் வடகால் வரை

புல்லட் என்ற பெயர் 1932ல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து போக நமது ராணுவத்துக்கு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக புல்லட்டுகள் வந்து இறங்கின. 1955ல் அந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. 1970ல் ஆங்கிலக் கம்பெனியின் கதையே முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் 1955ம் வருட வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் செய்துகொண்டே இருந்தார்கள். 1977ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடி, 2008க்குப் பிறகு புதிய இன்ஜினுக்கு இடம்விட்டது. இப்போது கம்பெனியின் பெரிய தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. ஒரகடம் 2013ல், வல்லம் வடகால் 2017ல். இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம். பட்டுக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்து இன்று உலகம் முழுக்கப் போகிற இன்னொரு சரக்கு புல்லட்.

பெட்ரோல் டேங்க்கின் ஓரத்தில் தங்க நிறத்தில் ஓடும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தலைமுறையாகக் கையால் இழுக்கிற குடும்பம் ஒன்று சென்னையில் உண்டு. ஸ்கேல் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. பிரஷை நனைத்து, மூச்சைப் பிடித்து, வளைவில் ஒரே இழுப்பு. ஜரிகைக் கரை பார்த்தே வளர்ந்த எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த வண்டிமேல் ஒரு மரியாதை வந்ததற்கு அந்தக் கோடும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மூன்று மாதம் மூட்டையில் கிடந்த இன்ஜின்

பெரியப்பா போன பிறகு வண்டி இரண்டு வருடம் நடையில் சும்மா நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படித்தவன் என்ற திமிரில், ஒரே மூச்சில் ஹெட்டைக் கழற்றினேன். பிறகு கார்புரேட்டர், அப்புறம் கிளட்ச் மூடி. நட்டு போல்ட்டையெல்லாம் ஒரே பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டினேன். சாயங்காலம் பார்த்தால் எது எங்கே இருந்தது என்று ஒன்றுமே ஞாபகமில்லை. ஒரு சாக்கில் கட்டி வைத்தேன். மூன்று மாதம்.

எதிர்வீட்டு நெசவாளர் ஒருவர், பெரியப்பாவுக்கு ஜோடி, தினமும் அதைத் தாண்டித்தான் டீக்குப் போவார். ஒருநாள் நின்றார்.

“ஏம்பா, ஓடுற தறியில இழை அறுந்தா என்னா செய்வோம்?”

“அறுந்த இழையத் தேடி முடிவோம் மாமா.”

“பாவு மொத்தத்தயும் வெட்டிப் போட்டுட்டுத் தேடுவமா?”

அவ்வளவுதான். டீக்குப் போய்விட்டார். பாவில் ஆயிரக்கணக்கான இழை இருக்கும். ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, விழுதுக்குள் விரலை விட்டு, அந்த ஒன்றை மட்டும் பிடித்து இழுத்து முடிச்சுப் போடுவார்கள். பக்கத்து இழையைத் தொடமாட்டார்கள். தொட்டால் அதுவும் போகும். கோளாறு இருக்கிற இடத்தைத் தவிர மற்றதைத் தொடாதே என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம். இன்றைக்கும் ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் கழற்றுகிறேன். கழற்றும்முன் மொபைலில் நான்கு படம். நட்டுகள் அவை வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திரும்ப உட்கார்ந்துவிடும், அல்லது பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக நிற்கும். இட்லித் தட்டை எந்த டூல் கடையிலும் விற்கமாட்டார்கள். அதைவிட உத்தமமான டூல் டிரே நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஸ்பேனர். அந்தக் காலத்து புல்லட்டின் பல நட்டுகள் ஆங்கிலேயரின் விட்வொர்த் அளவு. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் வில்லன். நான்கு தடவை வழுக்கினால் அறுகோண நட்டு வட்டமாகிவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான். என் வண்டியில் உளி பட்ட நட்டுகள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் அவசரத்துக்குச் சாட்சி. வாங்குவதானால் முதலில் சரியான அளவு ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். பளபளக்கும் கண்ணாடி, ஹாரன் எல்லாம் அப்புறம்.

பாயிண்ட்டும் டேப்பட்டும்

வண்டி இழுக்கவில்லை, மிஸ் அடிக்கிறது, சூடானால் நின்றுவிடுகிறது என்றால் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் பழிப்பார்கள். பத்தில் ஏழு தடவை குற்றவாளி பாயிண்ட். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் இரண்டு சின்ன உலோக முகங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருக்கும். கேம் சுற்றச் சுற்ற அவை பிரிந்து சேரும். பிரிகிற கணத்தில்தான் பிளக்கில் பொறி.

முகம் இரண்டும் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் விட்டுவிடலாம். ஒன்றில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பாயிண்ட்டை மட்டும் ராவி வைத்தால் அடுத்த மாதம் மறுபடி அதே குழி. கண்டன்சரையும் மாற்ற வேண்டும். பிறகு பாயிண்ட் அதிகபட்சம் திறக்கும் இடத்துக்கு இன்ஜினைச் சுற்றி, ஃபீலர் கேஜை நுழைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். கேஜ் உரசிக்கொண்டு வர வேண்டும், இழுத்துக்கொண்டு வரக்கூடாது. இந்த உரசலை எழுத்தில் சொல்ல முடியவில்லை. சேலைக் கரையில் விரல் நுனியை ஓட்டினால் ஜரிகை லேசாகத் தடுக்குமே, கிட்டத்தட்ட அந்த அளவு.

டைமிங் பார்க்க எங்கள் ஊரில் ஸ்ட்ரோப் லைட் யாரிடமும் இல்லை. ஊதுபத்திப் பாக்கெட்டின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளில் ஒரு சின்னத் துண்டு போதும். பாயிண்ட்டுக்கு நடுவில் அதைச் செருகி லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் எந்த இடத்தில் நழுவுகிறதோ அங்கே பாயிண்ட் பிரிகிறது. அப்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக விட்ட சைக்கிள் கம்பியில் கோடு போட்டு அளக்கலாம். முதல் தடவை எனக்கு ஒரு முழு மத்தியானம் பிடித்தது. இப்போது காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

டேப்பட் வேலை இதைவிட சந்தோஷமானது. சிலிண்டருக்கு அடியில், வலப்பக்கம், ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி. திறந்தால் இரண்டு புஷ் ராடுகளின் கால்கள் தெரியும். இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும். பெரிய கேஜ் எதுவும் வேண்டாம். ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் ‘டக்டக்’ சத்தம். சுற்றாவிட்டால் வால்வு முழுக்க மூடாமல் கருகும். சத்தத்துக்குப் பயந்து இறுக்கி வைத்துவிட்டு வால்வைக் காவு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் சத்தம் போடுகிற டேப்பட் ஆரோக்கியமான டேப்பட்.

தார் சுற்றிய கட்டையை நாடாவுக்குள் போடும்முன் மாமா அதை விரலில் ஒரு உருட்டு உருட்டிப் பார்ப்பார். ராடை உருட்டும்போதெல்லாம் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

எண்ணெய்

எண்ணெய் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் — இந்த ஜோக்கை எனக்குச் சொல்லாத மெக்கானிக் கிடையாது. ஜோக் போகட்டும். எண்ணெயில் நடக்கும் பெரிய தவறு ஒழுகுவது இல்லை, அதிகமாக ஊற்றுவது. இந்த வண்டியில் எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்காது. இன்ஜின் அறைக்குப் பின்னாலேயே வார்ப்போடு சேர்ந்து இருக்கும். வண்டி ஒரு மாதம் நின்றால் எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து, தொட்டியிலிருந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். குச்சியில் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். அடடா என்று அரை லிட்டர் ஊற்றுவார்கள். கிளப்பினால் இறங்கிய எண்ணெய் மேலே திரும்பும், தொட்டி நிரம்பி வழியும், சைலன்சரில் வெள்ளைப் புகை. தெருவே இருமும். கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

டைமிங் மூடிக்குள் இருக்கும் கம்பளி ஃபில்டரை எண்ணெய் மாற்றும்போதே மாற்றிவிட வேண்டும். கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. விலையைப் பார்த்தால் அந்தக் கஞ்சத்தனத்துக்கு நியாயமே இல்லை. கியர்பாக்ஸுக்கும் பிரைமரி செயின் மூடிக்கும் தனித்தனி எண்ணெய். மூன்று வாய், மூன்று தீனி. இன்ஜினுக்கு மட்டும் ஊற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறந்த வண்டிகள் எத்தனையோ.

பெட்ரோல் விஷயத்தில் புதுத் தலைவலி வந்திருக்கிறது. இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயும் வாஷரும் அதற்குப் பழக்கப்பட்டவை அல்ல, ஊறி உப்பிப் பிய்ந்துபோகின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளவும் செய்யும். வாரக்கணக்கில் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். குழாயைப் புதுசாக மாற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடிக்குக் கீழே இருக்கும் வாஷரையும் ஒரு பார்வை. 2015 மழையில் என் டேங்க்குக்குள் போன தண்ணீரைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. வெளிச்சத்தில் பிடித்த கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலுக்கு அடியில் மணி மணியாக உருண்டது.

கண் கொடுத்த காஞ்சி

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போயிற்று என்பது பெரியபுராணக் கதை. தடவித் தடவிக் காஞ்சி ஏகம்பம் வந்த பிறகுதான் இடக்கண் கிடைத்தது. என் வண்டியும் ஒற்றியூரில் பிறந்ததுதான். அதன் 6 வோல்ட் ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் போகிற மாட்டின் கொம்புகூடத் தெரியாது. பெரியப்பா இருட்டினால் வண்டியை எடுக்கவே மாட்டார். 12 வோல்ட்டுக்கு மாற்றிய அன்று ராத்திரி, ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு சூடம் ஏற்றினேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

மின்சார வேலையில் பெரும்பாலும் போகிற இடம் எர்த். ஒயரின் நுனி சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால், துரு இருந்தால், பல்பு மினுக்கும், ஹாரன் கமறும். பேட்டரியை மாற்றும்முன் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த வண்டிகள்தான் இதில் அதிகம் மாட்டும்.

பட்டறை வாசல்

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சிலிண்டர் போர் போடுவது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க்கைப் பிரிப்பது மூன்றும் லேத் பட்டறைக்காரர் வேலை. பழைய புல்லட்டின் பிக்-எண்டில் உருளை பேரிங் இல்லை. மிதக்கும் புஷ்தான். எண்ணெய் ஓட்டம் குறைந்தால் முதலில் பலியாவது அதுதான், அடிவயிற்றிலிருந்து கனமான அடி கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஒரு பட்டறையில் விட்டேன். வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் வடிக்கும் பிளக்கை நீள ராடு போட்டு முறுக்கி, அலுமினியத்தின் மரையை அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைச் சரிசெய்ய இன்னொரு பட்டறை. கோபம் வந்தது. பிறகு என் சாக்குமூட்டை ஞாபகம் வந்து அடங்கியது.

பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன. பழசு முதலாவதில், புதுசு இரண்டாவதில். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். ‘புல்லட் கிளட்ச் கேபிள்’ என்று வாயால் கேட்டால் நான்கு நீளத்தில் நான்கு கிடைக்கும். கம்பெனிப் பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டிக்குள் வேறு சரக்கு இருப்பதும் சகஜம். கேஸ்கெட் மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள். மலிவு கேஸ்கெட்டில் பசையை அள்ளிப் பூசுபவர்களின் இன்ஜினில் அந்தப் பசையே உருண்டு எண்ணெய் வழியை அடைக்கும்.

காகித வேலையும் உண்டு. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2,000. ஐம்பது வருடம் நிறைந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவுசெய்ய 2021ல் விதி கொண்டுவந்தார்கள். எண்ணில் ‘விஏ’ என்று வரும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று கணக்கு வைத்துத்தான் எடுக்கலாம். என் வண்டிக்கு 2028ல் ஐம்பது நிறைகிறது. காந்தி ரோட்டில் காய்கறி வாங்கப் போகாத புல்லட் எனக்கெதற்கு? விண்டேஜ் பதிவுக்கு நான் போகப்போவதில்லை.

எதிர்வீட்டு மாமா இப்போது தறியில் உட்காருவதில்லை. முட்டி ஒத்துழைக்கவில்லை, குழித்தறியில் இறங்கி ஏற முடியவில்லை. அவர் வீட்டில் தறி சத்தம் நின்று நான்கு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைப் பிரித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். இட்லித் தட்டில் எந்தக் குழியில் எந்த நட்டு என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில், மாடிப்படிக்குக் கீழே, சாக்கு போர்த்தி ஒரு வண்டி நிற்கலாம். புல்லட்டோ, மைசூரில் செய்த ஜாவாவோ, யெஸ்டியோ. இந்த ஞாயிறு ஆர்வத்தில் சாக்கை உருவிவிட்டுக் கிக்கரை உதைத்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். மறுநாள் காலை, பிளக் இல்லாமலே, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் இன்னும் இரண்டு ஸ்பூன் ஆயில், இன்னும் ஒரு ராத்திரி.